மெழுகிய தரை

மார்ச் 23, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வெயில் உறைக்கிறது. காற்று இல்லை. வியாழனன்று இப்படி இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுத நேர்ந்திருக்காது.

கொண்டுபோக வேண்டியவை: தார்ப்பாய் நான்கு. நைலான் கயிறு. தீப்புண் களிம்பு. பழைய புடவைகள் (வசந்தா மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறாள், என் ஊர்மேல் என் மனைவிக்கு இவ்வளவு அக்கறை உண்டென்பது இருபத்தேழு ஆண்டு கழித்துத் தெரிகிறது). மாதவிடாய்த் துணி, ஊரிலிருந்து ஸ்டெல்லா தொலைபேசியில் கேட்டது. வேறு எவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. துடைப்பம் இரண்டு டஜன். மண்வெட்டி. சுண்ணாம்புத் தூள்.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் மாற்றிச் சொல்லக் கூடாது.

முசரவாக்கம் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி நான் பிறந்த தெரு. ஏரித் தண்ணீர் பொங்கலோடு வற்றிவிட்டது. உள்ளே ஆளுயரக் கோரை, காய்ந்து வைக்கோலாக. நடுநடுவே சீமைக்கருவேலம். வியாழன் பிற்பகல் மேற்குக் கோடியில் புகை. யார் வைத்தது, தெரியாது. பலத்த மேல்காற்று. ஏரியின் முழு அகலத்தையும் கடந்து கரையேறத் தீக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. கரைக்கு இப்பால் பனையோலைக் கூரைகள். இருபத்திரண்டு வீடு. ஒன்றும் மிச்சமில்லை.

மனிதர் எவரும் சாகவில்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். ஆடுகள் செத்தன, கட்டியிருந்தார்கள்.

தெருவில் அப்போது இருந்தது என் அக்கா ராஜாத்தியும் இரண்டு கிழவர்களும். கிழவர்களைக் கரைக்குக் கீழே இழுத்துவிட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போகாமல், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் ஆடுகளை அவிழ்க்கப் போயிருக்கிறாள். இரண்டு பிழைத்தன. நைலான் கயிறு உருகி அவள் உள்ளங்கை இரண்டிலும் ஒட்டிக்கொண்டது. தறியில் பழைய பாவு முடியும்போது புதுப் பாவின் பட்டிழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைத்துக்கொடுப்பது அவள் தொழில். ஊரில் முப்பது தறி வீடுகளுக்கு அவளைத் தெரியும். வயது அறுபத்திரண்டு. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வீடு இருந்தது.

மாலை. எல்லோரும் நயினார் வீட்டு நெற்களத்தில். ஏரிக்குக் கீழே நஞ்சை முழுவதும் அந்தச் சமணக் குடும்பத்துடையது. எங்கள் அப்பா அவர்கள் நிலத்தில் கூலி. களத்தைக் கேட்காமலே திறந்துவிட்டார் பெரியவர். நன்றி சொன்னேன்.

செவ்வாயன்று வருவாய் ஆய்வாளர் (வ.ஆ.) வந்து எரிந்த வீடுகளைப் பதிவு செய்யப்போவதாகத் தகவல். பெண்களிடையே உடனே பரபரப்பு.

"ஆபீசரம்மா வரப்போவுது. சாம்பல்லயா நிக்கவெப்பே அவங்கள?" ஸ்டெல்லா.

"நாக்காலி இல்ல. தண்ணி குடுக்க சொம்பு இல்ல. தரையாவது தரையா இருக்க வாணாமா?" அக்கா.

எனக்கும் அது சரியென்றே பட்டது. பட்டதோடு நிற்கவில்லை. சாய்ந்து நிற்கும் மண்சுவர்கள் குழந்தைகள்மேல் விழும், இடித்துவிடுங்கள் என்றேன். சாம்பலில் ஆணியும் கண்ணாடியும் கிடக்கும், வாரிவிடுங்கள் என்றேன். துடைப்பமும் மண்வெட்டியும் நான் வாங்கிப் போனவை. இதையும் வரிசையில் சேர்க்கிறேன்.


மார்ச் 24, திங்கள்

கல்லூரிக்கு விடுப்பு. இரண்டாம் ஆண்டு தாவரவியல் செய்முறை இன்னொருவரிடம்.

ஆண்கள் தோள்கொடுத்துச் சுவர்களைச் சாய்த்தார்கள். பெண்கள் வாரினார்கள். கிடைத்தவை: உருகிக் கூம்பாகிப்போன பிளாஸ்டிக் குடங்கள். தையல் இயந்திரத்தின் தலை. பூட்டு, சாவி போட்டபடி (பெட்டியைக் காணோம்). பித்தளைச் சிலுவை. அக்கா வீட்டில் ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர், உள்ளே நீலம் பாரித்து. வெந்த நெல்லின் வாசனை எல்லா இடத்திலும். பசி எடுக்கவைக்கும் வாசனை, அதுதான் தாங்கவில்லை.

நயினார் டிராக்டர் அனுப்பினார். சாம்பலை வீணாக்க வேண்டாம், வாழைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றார். நான் தலையாட்டி, பொட்டாசியம் பற்றி இரண்டு வாக்கியம் பேசினேன். நான்கு நடை போயிற்று.

ஒரே ஒரு வீடு மட்டும் அப்படியே கிடந்தது. என் பள்ளித் தோழன் எல்லப்பனுடையது. அவன் வேப்பமரத்தடியில் மல்லாந்திருந்தான்.

"நீ கூட்டலியாடா?"

"எரியறதுக்கு முன்னாலயே நான் கூட்டனது கெடையாது, வாத்தி. இப்போ இன்னாத்துக்கு?"

"ஒன் பொண்டாட்டி அம்மா வூட்டுக்குப் போனது சும்மாவா," என்றாள் ஸ்டெல்லா, கூடையைச் சுமந்துகொண்டே. நான்கு நாளில் முதல் சிரிப்பு.

மாலையில் எல்லாத் தரையும் சாணி மெழுகியாயிற்று. அக்கா கட்டுப்போட்ட கைகளில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, கந்தலை மணிக்கட்டால் அழுத்தி, மண்டியிட்டபடி பின்னால் பின்னால் நகர்ந்து மெழுகினாள். நான் செய்கிறேன் என்றேன்.

"ஒனக்கு மொழுகத் தெரியாது. திட்டுத்திட்டா வெப்பே."

"கையில் கட்டு, அக்கா."

"கைக்குத்தானே கட்டு. எனக்கா கட்டு?"

சுவரில்லாத, கூரையில்லாத இருபத்தொரு தரைகள். ஒவ்வொன்றும் பள்ளிக்கூடச் சிலேட்டைப்போல் துடைத்துச் சுத்தமாக.


மார்ச் 25, செவ்வாய்

முடிந்தவரை நிதானமாக எழுதுகிறேன்.

பெண்கள் விடியலிலேயே எழுந்து, ஒவ்வொரு தரையின் நிலைவாசல் இருந்த இடத்துக்கு வெளியே சுண்ணாம்புத் தூளில் கோலம் போட்டிருந்தார்கள். ஸ்டெல்லாவும் போட்டிருந்தாள், அவள் சிலுவைக் கோலம்.

வ.ஆ. பதினொரு மணிக்கு வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். ஸ்கூட்டர், தலைக்கவசம், கையில் கைப்பேசி. மரியாதையான பெண். தெருவின் முனையில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"எரிஞ்ச வீடுங்க எங்க சார் இருக்குது?"

"நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்."

"இது தரை சார்."

பிறகு கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். செயலியில் நான்கு கட்டங்கள்: முழுச் சேதம், பகுதிச் சேதம், சேதமில்லை, காலிமனை. முழுச் சேதம் என்று அழுத்தினால் படம் கேட்கிறது. படத்தில் எரிந்த சுவரோ கூரையோ தெரிய வேண்டும். மேலே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பார்க்கிறார், தெரியாவிட்டால் தள்ளிவிடுகிறார்.

குடும்ப அட்டை, ஆதார், மின்வாரிய எண் என்று நான் அடுக்கினேன். வேலைக்குக் கொண்டுபோன பையில் வைத்திருந்தவர்கள் எடுத்து நீட்டினார்கள்.

"வீடு இருந்துச்சுன்னு இது சொல்லும் சார். எரிஞ்சுதுன்னு இது சொல்லாது. யாராச்சும் போன்ல எடுத்து வெச்சிருக்கீங்களா?"

இருந்தன. புகையும் ஆரஞ்சு நிறமும். எந்த வீடு என்று சொல்ல எதுவும் இல்லை.

"ஏம்மா எல்லாத்தையும் வாரிட்டீங்க?" என்று கேட்டார், கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள.

"நீங்க வரீங்கன்னுதாம்மா," என்றாள் அக்கா.

இருபத்தொன்று: காலிமனை. ஒன்று: முழுச் சேதம். எல்லப்பன்.

அவன் என் பக்கம் வந்து, தோளில் கைபோட்டான். "பத்தாவதுல ஃபெயிலான ஆளு, வாத்தி. இன்னிக்குத் தெருவுலயே நான் ஒருத்தன்தான் பாஸு." சிரிக்க முயன்று, முடியாமல், போய் மரத்தடியில் உட்கார்ந்தான்.

காலிமனை என்பதற்கு அடுத்த வரியையும் வ.ஆ. மறைக்காமல் சொன்னார். தெரு ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது. எரிந்த வீடு என்றால் மறுபடி கட்டிக்கொள்ள அனுமதி. காலிமனை என்றால் அது ஏரி. அங்கே இனி யாரும் ஒரு கொம்பு நடக் கூடாது.


மார்ச் 26, புதன்

கல்லூரி. ஆசிரியர் அறையில் ஒருவர், இரக்கத்தோடு: "குடிசைக்குள்ள அடுப்பு வெச்சா அப்படித்தான் சார்."

ஏரி எரிந்தது என்றேன்.

"ஏரி எப்படி சார் எரியும்?"

 வகுப்புக்குப் போய் ஒளிச்சேர்க்கை நடத்தினேன். 

நேற்று எழுத விட்டது: செயலியில் தீக்குக் காரணம் என்றொரு கட்டமும் உண்டு. மின்கசிவு, அடுப்பு, பட்டாசு, காட்டுத்தீ, பிற. காட்டுத்தீ என்று போடச் சொன்னேன். அதை அழுத்தினால் எந்த வனப்பகுதி என்று கேட்கிறது. இங்கே வனம் இல்லை, ஏரி. 'பிற' என்று போட்டார். ஒரு தெருவை முழுதாக விழுங்கியதற்குப் பெயர் 'பிற'.

நான் இருக்கும் நகரில் பங்குனி உற்சவம். பேருந்துகள் சுற்றிப் போகின்றன. வீடு வந்துசேர ஒன்றரை மணி நேரம்.


மார்ச் 28, வெள்ளி

அக்காவை ஆசுபத்திரிக்கு அழைத்துப்போனேன். கட்டைப் பிரித்ததும் மருத்துவர் முகம் மாறியது. சாணி உள்ளே போயிருக்கிறது. சீழ்.

"சாணியில கை வைக்கச் சொன்னது யாரும்மா?"

"யாரும் சொல்லல டாக்டர். என் வூடு."

வலது கையின் இரண்டு விரல் மடங்காமல் போகலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பட்டிழையை முறுக்கும் விரல்கள். அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பேருந்தில் அந்த இரண்டு விரலையும் அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டே சேகரு. காலிமனைன்னா இன்னாடா?"

"யாரும் இல்லாத இடம்."

"நாப்பது வருஷம் நான் எங்க இருந்தேன் அப்போ?"

என்னோடு வந்துவிடு என்றேன். மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. வசந்தாவும் கேட்கச் சொன்னாள்.

"வரலாம். நாலு நாளு. அஞ்சாவது நாளு, எப்போ கெளம்பறேன்னு நானே என்னைக் கேட்டுக்குவேன். வாணாம்பா."


ஏப்ரல் 1, செவ்வாய்

வெயில். பிற்பகலில் மேற்கே கருமேகம்போல் ஏதோ. தெருவே எழுந்து நின்றுவிட்டது. புகை இல்லை, மேகம்தான். உட்கார வெகுநேரம் ஆயிற்று. குழந்தைகள் இன்னும் ஊதுபத்தி வாசனைக்கே அழுகின்றன.

காலையில் அளவை நாடாவோடு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஏரியின் எல்லை என்று ஸ்டெல்லா வீட்டு வாசலில் கல் நட்டு, சிவப்புச் சாயம் பூசிப் போயிருக்கிறார்கள். கோலத்தின் நடுவில்.

"சிலுவை மேலயே நட்டுட்டான் அண்ணே. யேசுவுக்கே பட்டா இல்ல."

ஏரிக்குள் இறங்கி நடந்தேன். பன்னிரண்டு நாள். கோரை அதற்குள் ஒரு சாண் துளிர்த்திருக்கிறது. கிழங்கு மண்ணுக்குள் இருந்தது, தீ அதைத் தொடவில்லை. கருவேலத்தின் எரிந்த அடிமரத்திலிருந்து பச்சைக் கொம்புகள். ஒரு நாளும் பாடத்தில் இதை வெறுப்போடு சொன்னதில்லை. அடுத்த பங்குனிக்குள் எல்லாம் பழையபடி ஆளுயரம் நிற்கும். மறுபடி எரியத் தயாராக. புல் திரும்பி வர எவரும் எந்தக் கட்டத்தையும் அழுத்த வேண்டியதில்லை.

நயினார் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, வருத்தத்தோடு: அறுவடை இயந்திரம் எட்டாம் தேதி வருகிறது. நெல் காயவைக்க வேறு களம் இல்லை.

"நான் போகச் சொல்லல சார். எனக்கு வேற வழி இருந்தா சொல்லுங்க."

எனக்கும் தெரியவில்லை. அவர்மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினேன். கிடைக்காதது எரிச்சலாக இருந்தது.


ஏப்ரல் 3, வியாழன்

தாலுகா அலுவலகம், நான்காம் முறை. மனு: ஆறு பக்கம், இருபத்தொரு கையெழுத்தும் கைநாட்டும், ஏரியின் வரைபடம், காற்றின் திசை, தாவரங்களின் பட்டியல். இதைவிடச் சுத்தமான ஒன்றை நான் முனைவர் பட்டத்துக்குக்கூட எழுதவில்லை.

அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார். மற்ற ஐந்தின் எடையைக் கையால் பார்த்தார்.

"நீங்க சொல்றது உண்மை சார். எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா என் நம்பிக்கையை அப்லோட் பண்ண முடியாதே."

ஒரு சலுகை. திங்களன்று பதிவை மறுபடி திறப்பார். அதே வ.ஆ. வருவார். அன்று மாலை ஐந்தோடு மூடிவிடும். எரிந்த அடையாளத்தோடு படம் இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் அப்படியே.

"ஏதாவது மிச்சம் இருக்கும். நல்லாத் தேடிப் பாருங்க."

தேட வேண்டியதெல்லாம் நயினாரின் வாழைத்தோப்பில், மண்ணோடு உழுது கிடக்கிறது.


ஏப்ரல் 5, சனி

யோசனை எல்லப்பனுடையது. எழுதிவைக்கிறேன், பின்னால் எனக்கே பெருமை சேர்த்துக்கொள்ளாமலிருக்க.

களத்தில் எல்லோரும் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தோம். அவன் வந்து நின்றான்.

"என்கிட்ட சாம்பல் இருக்குது. வோணுமா?"

யாருக்கும் புரியவில்லை.

"ஆளுக்கு ரெண்டு கூடை தேறும். மேல ரெண்டு கரிக்கட்டை. கருகின பனைங்க கரைமேல அம்பது நிக்குது, மட்டைய வெட்டிக் கூரை மாதிரி சாச்சி வெச்சி, ஒரு கொளுத்து கொளுத்தி, தண்ணியக் கொட்டனா முடிஞ்சிச்சு. எரிஞ்ச வூடுதானே கேக்கறான்? எரிச்சிக் காட்டு."

 எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லவேண்டியவன் நான், படித்தவன். முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் பதிவேட்டில் இட்டுக்கட்டிய அளவுகளைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருப்பவன்.

யோசித்தேன். வீடுகள் இருந்தன: உண்மை. எரிந்தன: உண்மை. நாங்கள் தயாரிக்கப்போவது உண்மைக்கான போலிச் சான்று. பொய் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது, 'காலிமனை' என்ற சொல்லில், எங்களிடம் இல்லை. இதை எனக்கு நானே மூன்று முறை சொல்லிக்கொண்டேன். மூன்றாம் முறைக்குத் தேவை ஏன் ஏற்பட்டது என்று ஆராயவில்லை.

"காற்று எழும்முன் செய்யவேண்டும்," என்றேன். "ஒவ்வொன்றாக. ஒவ்வொரு தரைக்கும் பத்துக் குடம் தண்ணீர், பச்சை மட்டையோடு நான்கு பேர்."

அக்கா எழுந்து அந்தாண்டை போய்விட்டாள்.


ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஆறு முதல் ஒன்பது வரை. காற்று இல்லை.

எல்லப்பன் வீட்டு வாசலில் வரிசை. அவன் முறத்தோடு உட்கார்ந்து அளந்து போட்டான். "தள்ளாதீங்கோ. எல்லாருக்கும் கெடைக்கும். கார்டு எடுத்தாந்தியா?" ஸ்டெல்லா தனக்கு அரைக்கூடை குறைகிறது என்று சண்டை பிடித்தாள். "ரேஷன்லதான் எடை கொறைப்பாங்கன்னா, நீ சாம்பல்லயுமா?"

பிறகு சிரிப்பு நின்றது. முதல் தரையில் கொம்பு நட்டு, மட்டை சாய்த்து, கொளுத்தியபோது, சத்தம் கேட்டது. அந்தச் சடசடப்பு. அதை எல்லோரும் ஒருமுறை கேட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தங்கள் கையாலேயே மட்டை அடுக்கியவர்கள். ஸ்டெல்லா தன் தரைக்குத் தானே தீ வைத்தாள். கண் இமைக்காமல் நின்று, அணைந்ததும் அடுத்த தரைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இருபது முடிந்தது. அக்காவினுடையது மிச்சம்.

அவள் தரையின் குறுக்கே நின்றாள்.

"என்து வாணாம்."

"பட்டியலில் பெயர் வராது."

"வரவாணாம்."

"நாளை மாலையோடு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு நான் எத்தனை மனு எழுதினாலும்..."

"நீ நல்லா எழுதுவே. எனக்குத் தெரியும்." குரல் உயரவேயில்லை. "வெந்த கையால மொழுகினேன்டா. வெரல் போச்சு, அது வேற. ஒரு தரம் எரிஞ்சிது, அது யாரோ வெச்சது. இதுல வெக்கறது நீ. கொள்ளி வெக்கறதுன்னா யாருக்கு வெப்பாங்க, சொல்லு."

"அக்கா, இது தரை." சொன்ன பிறகே தெரிந்தது, அதை முதலில் தெருமுனையில் நின்று சொன்னது யார் என்று.

அவளுக்கும் தெரிந்தது.

ஒன்பது மணி. காற்று எழுந்துவிட்டது. நிறுத்தினோம்.

வசந்தாவிடம் சொன்னேன். அவள் இட்லி எடுத்து வைத்துக்கொண்டே, "அவங்க வாணாங்கறாங்க இல்ல? அப்போ வாணாம்," என்றாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. எட்டாம் தேதி அறுவடை இயந்திரம் வருவது தெரியாது. அக்காவுக்கு நாளை மாலை ஐந்துக்குப் பிறகு இந்த உலகத்தில் ஒரு சதுர அடிகூட இருக்காது என்பது தெரியாது. இதையெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு இன்னொரு இட்லி வைத்தாள்.


ஏப்ரல் 7, திங்கள்

ஐந்தரைக்கே போய்விட்டேன். மங்கிய வெளிச்சம், பனி இல்லை, காற்று இல்லை. அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் போவது தெரிந்தது. போக வர அரைமணி.

எல்லப்பனை எழுப்பினேன். அவன் என்னைப் பார்த்தான். "அக்கா ஒத்துக்கிச்சா?"

மட்டைகளை எடுக்கக் குனிந்தேன். அவனும் மறுபடி கேட்காமல் தண்ணீர்க் குடங்களைக் கொண்டுவந்து வைத்தான். கொம்பு மட்டும் நடமாட்டேன் என்றான். நானே நட்டேன். மட்டைகளை நானே சாய்த்தேன். என் வேலை நேர்த்தியாகத்தான் இருந்தது; மேற்குப் பக்கம் அதிகம் எரிந்ததாகத் தோன்ற வேண்டும் என்பதுவரை யோசித்திருந்தேன். கொளுத்தினேன். மெழுகிய சாணி முதலில் நிறம் மாறி, பிறகு ஓடு ஓடாகப் பெயர்ந்தது.

அவள் திரும்பி வந்தபோது பாதி எரிந்து முடிந்திருந்தது. குடத்தை இறக்கவில்லை. அணைக்க அந்தத் தண்ணீரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மட்டையால் அடித்தே அணைத்தேன்.

 அவள் திட்டியிருந்தால் எழுதியிருப்பேன்.

வ.ஆ. எட்டரைக்கு வந்தார். தெருவின் முனையில் அன்றைக்குப்போலவே நெடுநேரம் நின்று பார்த்தார். ஈரச் சாம்பலின் வாசனை மூக்கில் ஏறுகிறது. பதினெட்டு நாளான சாம்பல் இப்படி நாறாது. அவருக்கு அது தெரியாதென்று நினைக்க வழியில்லை.  கைப்பேசியை எடுத்தார்.

"ஆளுங்க கொஞ்சம் விலகிக்கங்க. படத்துல ஆள் தெரிஞ்சா எடுத்துக்காது."

முதல் வீடு. முழுச் சேதம். இரண்டாம் வீடு. முழுச் சேதம். ஸ்டெல்லா வீட்டில் எல்லைக்கல்லை விட்டு ஒதுங்கி, கோணம் மாற்றி, இரண்டு முறை எடுத்தார். அவருக்கு நான் என்றாவது நன்றி சொல்லவேண்டும். இன்று முடியவில்லை. இருபது வீடு. ஒவ்வொரு முறையும் 'ஏற்கப்பட்டது' என்று பச்சை எழுத்து. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்கள்.

கடைசியாக அக்கா வீடு.

அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கரியின் நடுவில், அடுப்பு இருந்த மூலைக்குப் பக்கத்தில், கால் நீட்டி, கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

"கொஞ்சம் வெளிய வாங்கம்மா. ஒரு போட்டோ, ஒரே நிமிஷம்."

"என் வூட்டுல இருந்து நான் ஏன் வெளிய வரணும்?"

"நீங்க உள்ள இருந்தா எடுக்காதுமா."

"அப்போ எடுக்காத."

ஸ்டெல்லா கெஞ்சினாள். "யக்கா. ஒரு நிமிஷம்க்கா. எனக்காவ." எல்லப்பன், "எழுந்து வா தாயே, நான் வேணா அப்பறமா கூட்டி மொழுகித் தரேன்," என்றான், வாழ்க்கையில் முதன்முறையாக. வ.ஆ. கைப்பேசியை உயர்த்திப் பார்த்தார். திரையில் சிவப்புக் கட்டம், அக்காவின் முகத்தைச் சுற்றி. இறக்கினார். மறுபடி உயர்த்தினார்.

என்னைப் பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஐம்பது கிலோகூட இருக்கமாட்டாள். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் அதற்குத்தான் இரண்டு எட்டு வைத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

அவள் நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

வ.ஆ. முக்கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு, "எனக்கு இன்னும் ரெண்டு ஊர் இருக்குது சார்," என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில். ஸ்கூட்டரின் சத்தம் கரைமேல் வெகுதூரம் கேட்டது.

கூட்டம் கலைந்தது. செருப்பைக் கழற்றி, நிலைவாசல் இருந்த இடத்துக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. தரை இன்னும் சுட்டது.